வாவியைக் கடக்கக் கால் குதிரைவலு

2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அடுத்த கிழமை என் மச்சான் தன் தோணி எஞ்சினைக் கழற்றி ஓட்டோவில் போட்டு என் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கினார். மட்டக்களப்புக் கல்லடியில் எனக்கு மோட்டர் வைண்டிங் கடை. தண்ணீர்ப் பம்பு, மின்விசிறி, ஆலை மோட்டர் என்று 28 வருடமாகச் செம்புக் கம்பியோடுதான் சீவியம். “மச்சான், இதுக்கு இனி எண்ணெய் ஊத்தி ஏலாது. கறண்டில ஓடுற மாதிரி ஒண்டு செஞ்சி தாங்க” என்றார். எஞ்சின் 9.9 குதிரைவலு. அதே அளவுக்கு மின்மோட்டர் வேண்டும் என்பது அவர் கணக்கு. அன்றைக்கு என் கணக்கும் அதுதான்.

எங்கள் வாவிக்கு இரண்டு கரை. வெயில் எழும் கடற்பக்கம் எழுவான்கரை, வெயில் சாயும் வயற்பக்கம் படுவான்கரை. 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நடுவில் தண்ணீர் கிடப்பதால், கண்ணுக்கு முன்னால் தெரிகிற வயலுக்குக்கூட பாலம் தேடிச் சுற்றிப் போகவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் ‘பாதை’யில்தான் கடந்தோம். பாதை என்றால் இங்கே தெருவல்ல, ஆளையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவை. மச்சானுக்கு வீடு எழுவான்கரையில், வேளாண்மை படுவான்கரையில். 18 அடி பைபர் தோணியில் இரண்டு மூன்று பேரும் உரப்பையும் ஏறினால் மொத்தம் 450 கிலோ வரும். துறையிலிருந்து வயற்கரைக்கு 2 கிலோமீற்றர். அவருடைய தேவை இவ்வளவுதான். இதை முதலில் எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தால் எங்களுக்கு ஒரு மோட்டரும் மூன்று மாதமும் மிஞ்சியிருக்கும்.

நான் முதலில் எடுத்தது பழைய லொறியின் ஸ்டார்ட்டர் மோட்டர். கைக்கடக்கமாக இருக்கும், 12 வோல்ற் பற்றரியில் ஓடும், இழுவையோ பெரிது. தண்டு பூட்டி, புரொப்பெல்லர் பூட்டித் தண்ணீரில் விட்டோம். தோணி துள்ளிக்கொண்டு கிளம்பியது. நாலாவது நிமிடம் வார்னிஷ் கருகுகிற மணம் வந்தது. என் தொழிலில் அந்த மணத்துக்கு ஒரே பொருள்தான். ஸ்டார்ட்டர் மோட்டரைச் செய்வது பத்து விநாடி வேலைக்கு. எஞ்சினை ஒருதரம் சுற்றிவிட்டு அடுத்த தடவை வரை ஆறிக்கிடப்பது அதன் பிறவி. நூற்றுக்கணக்கான அம்பியரை இழுக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற அதில் வழி கிடையாது. போதாததற்கு அது தொடர்ச்சுற்று மோட்டர். புரொப்பெல்லர் தண்ணீரைவிட்டு மேலே வந்து சுமை கழன்றால் வேகம் கட்டுப்பாடில்லாமல் ஏறி, சுருள்களையே பிய்த்தெறியக்கூடும். காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டரையும் சிலர் கேட்டு வருகிறார்கள். அது நாள் முழுக்க ஓடும்தான், ஆனால் அதன் பலம் பிள்ளைகளின் விளையாட்டுத் தோணிக்குத்தான் காணும்.

மோட்டர் எரிந்த பிறகு மோட்டரை விட்டுவிட்டுத் தோணியை அளந்தோம். மச்சானுடைய தோணியை இன்னொரு எஞ்சின் தோணியின் பின்னால் கயிற்றில் கட்டி, கயிற்றின் நடுவில் மீன் நிறுக்கிற விற்றராசைக் கொழுவினேன். வேகத்துக்குக் கைத்தொலைபேசி. காற்றில்லாத காலை நேரம். மணிக்கு 5 கிலோமீற்றரில் இழுக்கும்போது தராசு முள் 6 கிலோவில் நின்றது. ஒரு பெரிய வத்தகப்பழத்தின் நிறை! மூன்று பேர் ஏறிய தோணியை ஒற்றைக் கையால் பிடித்து இழுத்துப்போகலாம் போலிருந்தது. 8 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற்றச் சொன்னேன். முள் 15 கிலோவுக்குப் போனது. அதற்கு மேல் முடுக்கியதும் முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து, தோணி தானே எழுப்பிய அலையில் ஏற முடியாமல் திணறத் தொடங்கியது. முள் நிலையில்லாமல் ஆடியது.

தோணி தண்ணீரில் மிதந்தபடி போகும்போது அதன் நீளமே அதற்கு ஒரு வேக எல்லையை வைத்துவிடுகிறது. 18 அடித் தோணிக்கு அந்த எல்லை ஏறக்குறைய மணிக்கு 10 கிலோமீற்றர். அதைத் தாண்டவேண்டுமானால் தோணியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிச் சறுக்க வைக்கவேண்டும். 9.9 குதிரைவலு அந்த வேலைக்கு உரியது. வயலுக்குப் போகிறவருக்கு அது எதற்கு? 6 கிலோ இழுவையை 5 கிலோமீற்றர் வேகத்தால் பெருக்கினால் 80 வாற் அளவில் வரும். புரொப்பெல்லரிலும் மோட்டரிலும் பாதிக்கு மேல் வீணாகும் என்று வைத்தாலும் பற்றரியிலிருந்து 200 வாற் போதும். ஒரு குதிரைவலு 746 வாற். ஆக, கால் குதிரைவலுவுக்குக் கொஞ்சம் கூட. மச்சான் நம்பவில்லை. தராசை அவரே பிடித்துப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

மின்தோணி கட்ட நினைக்கிறவர் மனதில் பதியவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. புரொப்பெல்லர் கேட்கும் வலு, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு வலு வேண்டும். அதையே திருப்பிப் பார்த்தால் எங்களுக்கு நல்ல சேதி: வேகத்தைப் பாதியாக்கினால் வலு எட்டிலொன்றுக்கு இறங்கும். நேரம் இரட்டிப்பாகும், ஆனாலும் கரை சேர்வதற்குள் செலவாகும் மின்சாரம் நாலிலொன்றுதான். பெற்றோல் தாங்கியில் இந்த வித்தியாசம் யாருக்கும் உறைப்பதில்லை. பற்றரியில் உறைக்கும்.

இந்தக் கணக்குக்குப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டுக் காயலில் 2017 ஜனவரி 12 அன்று ‘ஆதித்யா’ என்ற சூரியமின் படகு ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதலாவது சூரியமின் பயணிகள் படகு அது. நவால்ட் என்ற நிறுவனம் கட்டியது. 75 பேர் ஏறலாம், 20 மீற்றர் நீளம், தலா 20 கிலோவாற் மோட்டர் இரண்டு, பற்றரி 50 கிலோவாற்மணி, கூரையில் 20 கிலோவாற் பலகைகள். இரண்டு மோட்டரையும் முழு வலுவில் முடுக்கினால் அந்தப் பற்றரி ஒன்றேகால் மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். ஆனால் அது முழு வலுவில் ஓடுவதில்லை. 7.5 நொட் போகக்கூடிய படகை 5.5 நொட்டில் ஓட்டுகிறார்கள். முழு வலுவில் பாதிகூட அப்போது வேண்டியதில்லை. செலவில் பெரும்பங்கை வெயில் நிரப்பிவிடுகிறது. அங்கேயும் கடவை ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீற்றர்தான், எங்கள் துறைகளைப்போல. எங்கள் வாவியில் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் ஏறி, புகையும் இரைச்சலுமாகக் கடந்தவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

மோட்டருக்கு வருவோம். சிறிய தோணிக்கு இன்றைக்கு இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, தூண்டில் போடுகிறவர்களுக்கென்று செய்யப்பட்ட தோணி மோட்டர். கம்பின் அடியில் மோட்டரே தண்ணீருக்குள் முழுகி நிற்கும்; வாவித் தண்ணீரே அதைக் குளிர வைக்கும். உள்ளே நிலைக்காந்தமும் கார்பன் பிரஷும். இதில் பேர்பெற்ற ‘மின் கோட்டா’ என்ற நிறுவனம் அமெரிக்காவில் 1934 முதல் இருக்கிறது. இவற்றின் பெட்டியில் குதிரைவலு எழுதியிருக்காது, தள்ளுவிசையை இறாத்தலில் போட்டிருப்பார்கள். 55 இறாத்தல் என்றால் 25 கிலோ. ஆனால் அது தோணி நின்ற இடத்தில் நிற்கும்போது அளந்த தள்ளுவிசை. ஓடத் தொடங்கியதும் குறையும். 55 இறாத்தல் மோட்டர் முழு வேகத்தில் 12 வோல்ற்றில் 50 அம்பியர் வரை இழுக்கும்.

இரண்டாவது, மின் ஓட்டோவிலும் ஸ்கூட்டரிலும் வருகிற பிரஷ் இல்லாத மோட்டர். அதே மின்சாரத்தில் கூடுதல் வேலை செய்யும், தேய்கிற பிரஷ் கிடையாது, 48 வோல்ற்றில் ஓடுவதால் வயரும் மெல்லியது போதும். கெட்டிக்கார மோட்டர்தான். ஆனால் மூன்று தடித்த வயரும் கூடவே நூல்போன்ற சென்சர் வயர்களும் ஒரு கன்ட்ரோலருக்குள் போகும். அந்தக் கன்ட்ரோலர் செத்தால் மோட்டரும் செத்தது மாதிரி. பிரஷ் மோட்டர் அப்படியல்ல. நடு வாவியில் எல்லாம் பழுதானாலும் இரண்டு வயரை நேராகப் பற்றரியில் வைத்தால் சுற்றும். உப்புத் தண்ணீரில், கடைக்கு 10 கிலோமீற்றர் தூரத்தில், முதல் தடவையாக மின்தோணி ஓட்டுகிறவருக்கு நான் பிரஷ் மோட்டரைத்தான் சொல்வேன். அதன் திறமைக் குறைவு எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொல்கிறேன். பல பேரை ஏற்றும் பாதைக்கு, நாள் முழுக்க ஓடுவதற்கு என்றால் மற்றதுதான் சரி. அதற்குப் பயின்ற கை கூடவே இருக்கவேண்டும்.

ஓட்டோ மோட்டரை எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அது நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை ஓடும். அந்த வேகத்தில் புரொப்பெல்லரைச் சுழற்றினால் தண்ணீரைக் கலக்குமே தவிரத் தள்ளாது. பல்பட்டியும் சிறிய பெரிய சக்கரங்களும் வைத்து வேகத்தைக் குறைத்து, அகலமான புரொப்பெல்லரை ஆறுதலாகச் சுழற்ற வேண்டும். நிறையத் தண்ணீரை மெல்லத் தள்ளுவது, கொஞ்சத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதைவிட இலாபம். சவளை நிதானமாக, ஆழமாகப் போட்டு வலிக்கிற எங்கள் கிழவர்கள் இதைக் கணக்கில்லாமலே செய்துவந்தவர்கள். வாவியில் பல இடம் இடுப்பளவு தண்ணீர்தான் என்பதால் எவ்வளவு அகலம் வைக்கலாம் என்பதைத் துறைதான் முடிவுசெய்யும்.

மச்சானுக்கு 24 வோல்ற் நிலைக்காந்த பிரஷ் மோட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பிரஷும் பெயரிங்கும் மாற்றிப் பூட்டி, முழு வேகத்தில் பார்த்தோம். 34 அம்பியர், மணிக்கு 8 கிலோமீற்றர். 800 வாற்றுக்குச் சற்று மேலே. அடுத்தது, அதை எப்படிக் குறைப்பது?

பள்ளிக்கூடத்தில் சாதாரணதர விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இறையோதற்று ஞாபகமிருக்கும். சுருட்டிய கம்பியின்மேல் ஒரு நழுவி, அதைத் தள்ளினால் பல்ப் மங்கும். பழைய தோணி மோட்டர்கள் சிலவற்றில் வருகிற ஐந்து படி வேகமும் இந்த வழிதான்: படிக்குப் படி தடைக் கம்பி. சுலபம், பழுதாகாது. ஆனால் மோட்டருக்கு 12 வோல்ற் போதும் என்கிறபோது மற்ற 12 வோல்ற்றையும் தடையிதான் தின்னும். மோட்டர் 100 வாற் எடுத்தால் தடையியும் 100 வாற் எடுத்துச் சூடாகும். எஞ்சினைக் கழற்றியதே எண்ணெயை மிச்சம் பிடிக்க. மிச்சம் பிடித்ததைக் கம்பியில் எரிக்க எனக்கு மனமில்லை.

எனக்குப் பிடித்த வழி மிகப் பழையது. 12 வோல்ற் பற்றரி இரண்டு. அவற்றைத் தொடராக இணைத்தால் 24 வோல்ற், முழு வேகம். சமாந்தரமாக இணைத்தால் 12 வோல்ற், பாதி வேகம். ஒரு சுவிட்சின் மேல் நிலை வேகம், கீழ் நிலை ஆறுதல், நடு நிலை நிறுத்தம். தடையி இல்லை, மின்னணு இல்லை, சூடாக எதுவுமே இல்லை. சமாந்தரத்தில் போட்டதும் அளந்தேன்: 9 அம்பியர், 4 கிலோமீற்றர் வேகம். நூற்றுச் சொச்சம் வாற்! மும்மடிக் கணக்கு மீற்றரின் முள்ளில் அப்படியே நின்றது. 2 கிலோமீற்றரை முழு வேகத்தில் கால் மணித்தியாலத்தில் கடந்தால் 200 வாற்மணி செலவு. அரை மணித்தியாலத்தில் கடந்தால் 54. அன்றைக்கு மச்சான் கேட்டார், “அப்ப எட்டுத் தரம் போய்வந்தாலும் காணுமா?” இரண்டு 100 அம்பியர்மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம் என்று வைத்தாலும், 1,200 வாற்மணி கையில் இருக்கும். எட்டுத் தரம் போய்வந்தாலும் காணும் என்றேன்.

இதில் இரண்டு கவனம். இரண்டு பற்றரியும் ஒரே இனம், ஒரே வயது, ஒரே அளவு சார்ஜ் உள்ளவையாக இருக்கவேண்டும். ஒன்று நிறைந்தும் ஒன்று வெறுமையாகவும் இருக்கச் சமாந்தரத்தில் இணைத்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்குள் மின்சாரம் பாயும், வயர் சூடேறும். அடுத்தது, சுவிட்ச் நடு நிலையில் முற்றாக விடுபட்ட பிறகே அடுத்த நிலையைத் தொடுகிற இனமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பற்றரி சோட் ஆகும். வீட்டு லைற் சுவிட்ச் இதற்கு உதவாது. வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு தடவை பூச்சியத்துக்கு வந்து போவதால் சுவிட்சைத் திறக்கும்போது பொறி தானாக அணையும். பற்றரி மின்சாரம் பூச்சியத்துக்கு வராது. பொறி நீண்டு நின்று செப்பு முனையை உருக்கி ஒட்டவைத்துவிடும். பற்றரி மின்சாரத்துக்கென்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு வேகம் வேண்டும் என்பவர்களுக்கு மின்னணுக் கன்ட்ரோலர். அது வோல்ற்றைக் குறைப்பதில்லை. விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றைத் திறந்து மூடுகிறது. பாதி நேரம் மின்சாரம் பாய்ந்தால் மோட்டர் பாதி வோல்ற்போல உணரும். சைக்கிளில் மிதித்துவிட்டுக் காலை எடுத்து, மறுபடி மிதிப்பதுபோல. வீணாவது மிகக் குறைவு. கைப்பிடியைத் திருகினால் வேகம் வழுவழுவென்று ஏறும் இறங்கும். வாங்கும்போது பெட்டியில் எழுதிய அம்பியரை அப்படியே நம்பவேண்டாம். மோட்டர் 35 அம்பியர் இழுத்தால் 70 எழுதியதை வாங்கி, அலுமினியத் தகட்டில் இறுக்கிப் பூட்டி, காற்றுப்படும் ஆனால் தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள். 60 அம்பியர் என்று எழுதிய ஒன்று என்னிடம் 30இலேயே போயிற்று.

அது போன விதம்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. உள்ளே இருக்கும் மொஸ்பெட் என்ற மின்னணுச் சுவிட்ச் சாகும்போது பெரும்பாலும் திறந்து சாவதில்லை, மூடிச் சாகும். அதாவது மோட்டர் நிற்காது. முழு வேகத்தில் ஓடும். கைப்பிடியைத் திருகிப் பயனில்லை. அன்று மச்சானின் மகன் தனியாக இருந்தான், தோணி துறைக் கல்லை நோக்கி ஓடியது. பற்றரிப் பெட்டியைத் திறந்து முனையைப் பிடுங்கி எறிந்ததால் தப்பினான், கையில் தீக்காயம். அதற்குப் பிறகு என் கையால் பூட்டுகிற ஒவ்வொரு தோணியிலும் ஓட்டுகிறவர் இருந்த இடத்திலிருந்தே எட்டக்கூடியதாக ஒரு சிவப்பு வெட்டுச் சுவிட்ச் இருக்கும். அது இல்லாமல் தரமாட்டேன். பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸும் இருக்கும். முன்னோக்கி முழு வேகத்தில் ஓடும்போது நேராகப் பின்னுக்குப் போடாதீர்கள். நிறுத்தி, மூன்று எண்ணி, பிறகு போடுங்கள்.

வயரில் காசைப் பிடிக்காதீர்கள். பற்றரி முன்னால், மோட்டர் பின்னால் என்றால் போய்வர 6 மீற்றர். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் 40 அம்பியர் ஓடினால் ஒரு வோல்ற் வயரிலேயே போய்விடும். 40 வாற் சூடு. 16 சதுர மில்லிமீற்றர் போட்டால் அது நாலிலொன்று. பற்றரியைப் பொறுத்தவரை கார்ப் பற்றரி வேண்டாம்; ஸ்டார்ட்டர் மோட்டரைப்போல அதுவும் சிறுபொழுது வேலைக்கு உரியது, பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப இறக்கினால் ஒரு மழைக்காலம் தாங்காது. சூரியமின்னுக்கு விற்கிற ஆழ்சுழற்சிப் பற்றரி கனமானது, ஆனால் நின்று உழைக்கும். லிதியம் இரும்புப் பொசுபேற்றுக்கு வசதியுள்ளவர்கள் அதற்கே போகலாம்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பின்னேரம் படுவான்கரையிலிருந்து திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். மதியம் போகும்போது முகத்தில் அறையும். முகத்தில் அறைகிற அந்த நேரத்துக்குத்தான் முழு வேகத்தை வைத்திருக்கிறோம். பற்றரியில் பாதி மிச்சமிருக்கும்போதே கரை திரும்பிவிடவேண்டும் என்பது மச்சான் வீட்டுச் சட்டம். தோணியில் ஒரு சவளும் எப்போதும் கிடக்கும்.

அந்தச் சவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் சவளின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பாடுமீன் கேட்பது எங்களூர் வழக்கம். நான் அதே மாதிரி மோட்டரைக் கேட்கிறேன். தோணியை ஆறுதல் வேகத்தில் விட்டு, சவளை மோட்டருக்குப் பக்கத்தில் முழுக்கிக் காதை வைத்தால் பெயரிங் தெளிவாகப் பேசும். நல்ல பெயரிங் என்றால் ஒரே சீரான ரீங்காரம். போன மாரிக்கு முன் ஒருநாள் சீனி அரைபடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கரைக்கு இழுத்து, புரொப்பெல்லரின் நட்டைக் கழற்றினோம். ஆற்றுவாழை வேரும் நாரும் என்று நினைத்த இடத்தில், தண்டைச் சுற்றி இறுகி இறப்பர் சீலை வெட்டியபடி, மூன்று முழம் தங்கூசி வலை நூல். உள்ளே உப்புத் தண்ணீர் இறங்கியிருந்தது. சீல் மாற்ற ஒரு பகல் பிடித்தது. இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மச்சானின் மகன் அந்த நட்டைக் கழற்றிப் பார்க்கிறான்.